பனியன் லேபிளில் தொடங்கும் பாடம்: கொங்குப் பள்ளிகளில் அயல்மொழி

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர் ஒருவராவது இருக்கும் வீட்டில் துணி லேபிளுக்குப் பஞ்சம் இருக்காது. டி-ஷர்ட்டின் உள்பக்கம், விலாத் தையலில் தொங்கும் அந்தச் சிறு பட்டையில் ஒரே செய்தி ஏழெட்டு மொழிகளில் அச்சாகியிருக்கும். பருத்தியை ஆங்கிலம் காட்டன் என்கிறது, பிரெஞ்சு கோத்தோன் என்கிறது, ஸ்பானிஷ் அல்கொதோன் என்கிறது. மூன்றும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். ஜெர்மன் மட்டும் தன் போக்கில் 'பௌம்வொல்ல' என்கிறது. பௌம் என்றால் மரம், வொல்ல என்றால் ஆட்டுக் கம்பளி. கம்பளி உடுத்திப் பழகிய குளிர்தேசத்தார், செடியில் வெடிக்கும் பஞ்சுக்கு வைத்த பெயர் மரக்கம்பளி.

ஒரு சிறு பட்டையில் இத்தனை மொழி ஏறியதற்குக் காரணம் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு விதிமுறை, 1007 என்ற எண்ணுடையது, துணியில் என்ன இழை எத்தனை சதம் என்பதை அது விற்கப்படும் நாட்டின் ஆட்சிமொழியில் எழுதச் சொல்கிறது. வாங்குகிறவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கலாம். ஆனாலும் அவர் ஊர்க் கடையில் அவர் மொழி இருந்தாக வேண்டும். இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் சனிக்கிழமைகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜெர்மனும் ஜப்பானியமும் அறிமுகம் செய்து வருகிறேன். கரூரில் வீட்டுத்துணி ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு வாங்குநரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவராக, இருந்த காலத்தில் கற்றவை அவை. முதல் வகுப்புக்குப் புத்தகம் வேண்டாம், ஆளுக்கொரு லேபிள் கொண்டு வாருங்கள் என்றேன். ஒரு பையனின் அம்மா நாளெல்லாம் இந்த லேபிளை வைத்துத் தைப்பவர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த வீட்டில் முதன்முதலாகப் படித்துச் சொன்னவன் அவன். அடுத்த வாரம் அவன் வகுப்புக்கு வந்த வேகத்தைப் பார்த்தபோது, நம் பள்ளிகளில் அயல்மொழிப் பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பதில் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. பிள்ளையின் வீட்டிலிருந்தும் அவன் வாய்மொழியிலிருந்தும் தொடங்க வேண்டும். இன்று பெரும்பாலும் வேறு இடத்தில் தொடங்குகிறது.

எங்கே தொடங்குகிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும். 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்திலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிதான். தனியார் பள்ளிகளில் தமிழே படிக்காமல் பத்தாம் வகுப்பு முடிக்கும் வழி நெடுநாள் இருந்தது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் அதை அடைத்தது. 2006-07-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. ஆனால் பிளஸ் ஒன் வந்ததும் கதவு மறுபடி திறக்கிறது. மொழிப்பாடத்தின் முதல் பகுதியில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுக்கலாம். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துப் பெரிய மேல்நிலைப் பள்ளிகளில் பிரெஞ்சு செழித்த கதை இதுதான். பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம், மிச்ச நேரத்தைக் கணக்குக்கும் வேதியியலுக்கும் கொடுக்கலாம் என்று பெற்றோர் பேசிக்கொள்வதை அட்மிஷன் நாளில் எந்தப் பள்ளி வராந்தாவிலும் கேட்கலாம்.

அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு மார்க்கில் கல்லூரி மாறிப்போகும் நாட்டில் அவர்கள் கணக்குப் போடத்தான் செய்வார்கள். என் வருத்தமெல்லாம் அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வு. வாய்திறந்து பேசிக் காட்ட வேண்டிய தேவை அதில் இல்லை. இரண்டு வருடம் பிரெஞ்சு படித்து, நல்ல மார்க்கும் வாங்கி, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்கத் தெரியாத பிள்ளைகள் பலரை நான் பார்த்திருக்கிறேன். தமிழையும் விட்டாயிற்று, பிரெஞ்சும் வந்து சேரவில்லை.

மத்திய வாரிய (சிபிஎஸ்இ) பள்ளிகளின் கதை வேறு. அங்கே ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம் போன்றவற்றை நடுநிலை வகுப்பிலேயே எடுக்க முடியும். ஆனால் மேலிடத்து முடிவு ஒன்று அங்கே எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும். கேந்திரிய வித்யாலயாக்களில் 2011 ஒப்பந்தத்தின்படி மூன்றாம் மொழியாக நடந்துவந்த ஜெர்மனை 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவில், நிறுத்திச் சமஸ்கிருதத்தை வைத்தார்கள். பாதிப் புத்தகம் படித்த பிள்ளைகள் அந்தரத்தில் நின்றார்கள். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை உயர்நிலை வகுப்புகளுக்குக் கொரியன், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்த்துகீசியம், ரஷ்யன் என்று பெயர் சொல்லிப் பட்டியல் தந்தது. பட்டியல் போடுவது சுலபம். பாடம் எடுக்கப்போகும் ஆள் யார், எந்த மொழி வழியாக எடுப்பார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்த மொழி வழியாக என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் அயல்மொழி அனேகமாக ஆங்கிலத்தின் வழியே கற்றுத்தரப்படுகிறது. சொல்லுக்குப் பொருள் ஆங்கிலத்தில், இலக்கண விளக்கம் ஆங்கிலத்தில். ஜப்பானியத்தை அப்படிக் கற்பது, சென்னிமலையிலிருந்து பெருந்துறை போக ஊட்டியைச் சுற்றிக்கொண்டு போவதைப் போல. பக்கத்து வழி வீட்டிலேயே இருக்கிறது.

ஜப்பானிய எழுத்திலிருந்தே பார்ப்போம். ஹிரகானா எழுத்துகள் 46. உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ, இதே வரிசையில். மெய் வரிசை: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்கில் ங, ஞ, ட, ண, ல ஆகியவற்றை எடுத்துவிட்டு 'வ' வரை சொல்லிப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. ஹ இருக்கும் இடத்தில் பழைய ஜப்பானியத்தில் ப ஒலிதான் இருந்தது. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்தைப் படித்தபோது அங்கே போய்ச் சேர்ந்த வரிசை இது. உயிர்மெய் எழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு 'கா, கி, கு' என்ற கட்டம் புதிதே இல்லை. ஆங்கில வழியில் கற்பிக்கும் புத்தகமோ இதை ஓர் அதிசயம் போல நான்கு பக்கம் விளக்கிக்கொண்டிருக்கும்.

ஒலியும் அப்படித்தான். ஜப்பானிய உகரத்துக்கு உதடு குவியாது. 'அது', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் வரும் குற்றியலுகரத்தைக் கேட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான். 'தெஸு' என்ற சொல்லின் கடைசி உகரம் பாதி மறைந்து போவதை எங்கள் பிள்ளைகள் முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களுக்கும் இதே கதை. 'நாங்க வந்தோம்' என்று நாம் பேசும்போது கடைசி மகரத்துக்கு உதட்டை மூடுவதில்லை. ஓகாரம் மூக்கில் ஏறி நின்றுவிடுகிறது. பிரெஞ்சில் நல்லது என்று பொருள்படும் சொல் முடிவதும் அதே ஒலியில். ஆங்கிலம் வழியாகப் போனால் அது 'போங்' ஆகிவிடுகிறது.

பிறகு இலக்கணம். 'தபெத்தே மிரு' என்கிறது ஜப்பானியம். தபெத்தே, சாப்பிட்டு, மிரு, பார். சாப்பிட்டுப் பார். 'கைத்தே ஒகு': எழுதி வை. 'வசுரெத்தே ஷிமாவு': மறந்துவிடு. வினையெச்சத்தோடு துணைவினை சேர்ந்து பொருள் நுணுக்கம் தரும் இந்த வித்தையை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பீரியட் போய்விடும். தமிழில் விளக்கவே வேண்டியதில்லை, சொன்னால் போதும். எனக்குத் தருவதற்கு ஒரு வினை, பிறருக்குக் கொடுப்பதற்கு வேறொரு வினை என்று ஜப்பானியத்தில் உண்டு. தா, கொடு என்ற வேறுபாட்டைத் தொல்காப்பியம் இப்படித்தான் வகுத்தது. மலையாளம் இன்றும் காப்பாற்றி வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் ஓரத்துப் பிள்ளைகளுக்கு இது தெருவில் கேட்கும் பேச்சு.

இனி கொங்குப் பிள்ளைக்கே உரிய சொத்து ஒன்று. ஜப்பானிய வினைமுற்றில் 'மஸ்' என்ற ஒட்டு உண்டு. எதிரே இருப்பவருக்குக் காட்டும் மரியாதை அது. செயலைச் செய்தவர் யார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை நான் தட்டுத்தடுமாறி விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்து, "சார், 'தம்பி வந்தானுங்க'ன்னு சொல்றமே, அந்த 'ங்க' மாதிரிங்களா?" என்று கேட்டாள். அதேதான். 'வந்தான்' என்பதில் தம்பிக்கு மரியாதை எதுவும் கூடவில்லை. 'ங்க' முழுவதும் கேட்கிறவருக்கு. 'நான் வந்தேனுங்க' என்றால் எனக்கு நானே மரியாதை கொடுத்துக்கொள்ளவில்லை. 'வாத்தியார் வந்தாருங்க' என்றால் 'ஆர்' வாத்தியாருக்கு, 'ங்க' கேட்பவருக்கு. ஜப்பானியமும் இரண்டையும் தனித்தனி உருபில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு இணையே கிடையாது. பட்டிக்காட்டுப் பேச்சு என்று பள்ளிகளே திருத்தப் பார்க்கும் கொங்குப் பேச்சில்தான் ஜப்பானிய மரியாதை இலக்கணத்தின் சாவி இருக்கிறது. அன்று அந்த வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டால், தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகளா என்று யாராவது கேட்பார்கள். பேராசிரியர் சுசுமு ஓனோ அப்படித்தான் பல்லாண்டு வாதிட்டார். பெரும்பாலான மொழியியல் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. வகுப்பறைக்கு அந்த வழக்கு முடிய வேண்டியதில்லை. பாதை ஒத்திருந்தால் நடக்க எளிது, அவ்வளவு போதும்.

ஜெர்மன் இத்தனை நெருக்கமில்லை. பெயர்ச்சொல்லுக்கு மூன்று பாலும் நான்கு வேற்றுமையும் அங்கே நம்மைப் படுத்தும். ஆனால் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும். 'வைல் இஷ் ஹொய்டெ நிஷ்ட் கொமன் கன்' என்பதில் முதல் சொல்லை மட்டும் கடைசிக்குத் தள்ளினால் 'நான் இன்று வர முடியாததால்' என்ற நம் வரிசை ஏறக்குறைய கிடைக்கும். கூட்டுச் சொற்களும் தமிழ்ப் பிள்ளைக்கு விளையாட்டுத்தான்: கையுறைக்குக் கைச்செருப்பு, தையல்காரர் விரலில் மாட்டும் கவசத்துக்கு விரல்தொப்பி.

சரி, இப்படிக் கற்றால் எவ்வளவு நாளில் மொழி வரும்? இதில் பெற்றோருக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெற வழக்கமாகக் கேட்கப்படுவது பி2. அதை எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை வேண்டும் என்பது ஜெர்மன் கற்பிப்போர் கணக்கு. பள்ளியில் வாரம் இரண்டு பீரியட் என்றால் ஒரு வருடத்துக்கு எழுபது தேறும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருடம் ஒழுங்காக நடந்தாலும் முந்நூறைத் தாண்டாது. ஜப்பான் 2019 ஏப்ரலில் கொண்டுவந்த திறன்தொழிலாளர் விசாவுக்குப் பெரும்பாலான துறைகளில் ஜப்பானிய மொழித் தேர்வின் என்4 நிலையோ அதற்கிணையான தேர்வோ போதும். அதற்கும் கீழே என்5 என்ற முதல் படி இருக்கிறது. ஆகவே 'பள்ளியிலேயே ஜெர்மன், வெளிநாட்டில் வேலை' என்று பேனர் வைக்கும் பள்ளிகளை நம்ப வேண்டாம். பள்ளி தரக்கூடியது நல்ல அஸ்திவாரம். காது திறந்து, நாக்கு கூச்சம் விட்டு, இன்னொரு மொழியில் நம்மாலும் பேச முடியும் என்ற தெம்பு வந்துவிட்டால் பிளஸ் டூவுக்குப் பிறகு மிச்சத்தை ஏறிவிடலாம். அந்த வயதில் விடாத கூச்சம் பிறகு விடாது.

கூச்சம் விட வைப்பதில் கலைநிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நம் பள்ளிகளில் நடக்கும் 'பிரெஞ்சு நாள்', 'ஜப்பான் நாள்' பலவற்றில் மொழியே இருப்பதில்லை. தெர்மாகோலில் ஈஃபில் கோபுரம், வாடகைக் கிமோனோ, மனப்பாடப் பாட்டு ஒன்று, போட்டோ. பிள்ளைகள் பாடுபட்டுத்தான் செய்கிறார்கள். அந்தப் பாடு மொழிக்குப் போய்ச் சேரவில்லையே என்றுதான் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் வேறு மாதிரி முயன்றோம். ஜப்பானில் கோடையில் முன்னோரை நினைத்து ஆடும் 'போன் ஒதோரி' வட்டமாக நின்று கைதட்டி ஆடுவது. வள்ளிக்கும்மியும் வட்டம்தான், கைத்தட்டுத்தான். காரமடைப் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தபின் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளிடம் கும்மிக்குத் தனி மவுசு. போன் ஒதோரியை அவர்கள் ஆடிப் பார்த்தார்கள். பிறகு கும்மி அடி எடுத்து வைப்பதை ஜப்பானியத்தில் சொல்லித்தர வேண்டும் என்று வேலை கொடுத்தேன். வலது, இடது, திரும்பு, குனி, தட்டு, இன்னொரு தரம். பன்னிரண்டு வினைச்சொல் அன்று ஒரே நாளில் உடம்பில் ஏறியது. அப்படி ஏறிய சொல் மறக்காது.

பொங்கலும் கைகொடுத்தது. ஜப்பானில் ஜனவரி 15-ஐ ஒட்டிச் 'சின்னப் புத்தாண்டு' என்ற பழைய வழக்கம் உண்டு. செம்பயறு போட்ட அரிசிக்கஞ்சி வைப்பார்கள். நம் பக்கம் அதே நாட்களில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் வைத்துக் காப்புக் கட்டு, பட்டிப் பொங்கல், பூப்பறிக்கும் நோன்பு. ஆவாரம்பூவுக்கு ஜப்பானியத்தில் சொல் தேடி அலையாமல், 'மஞ்சளான சிறு பூ, காட்டில் பூக்கும், வெயிலுக்கு வாடாது' என்று தெரிந்த சொற்களால் சொல்லப் பழகினார்கள். அயல்மொழி பேசுகிறவருக்கு வாழ்நாள் முழுதும் வேண்டிய திறமை அதுதான்.

எழுத்துக்கு உகந்த வேலை சமையல் குறிப்பு. 'அரிசியும் பருப்புஞ்சோறு', சந்தகை என்கிற இடியாப்பம், ஒப்பிட்டு என்கிற போளி இவற்றை எப்படிச் செய்வது என்று எழுத ஏவல் வினையும் அளவுச் சொல்லும் போதும். ஏ1 நிலைக்கு அளவெடுத்துத் தைத்தது போல. கோவை மாநகராட்சிக்கும் ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகருக்கும் கூட்டு உண்டு. அத்தகைய நகரத் தொடர்புகளைப் பள்ளிகள் தேடிப்போய்க் கேட்கலாம். எதிர்முனையில் படிக்க ஒரு பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தால் எழுத்தின் தரமே மாறிவிடும். பல தலைமுறை சண்டை போட்ட பிரான்சும் ஜெர்மனியும் 1963-இல் உடன்படிக்கை செய்துகொண்டபோது, இளைஞர் பரிமாற்றத்துக்கென்றே அந்த ஆண்டில் ஓர் அமைப்பை உண்டாக்கின. ஒருவர் வீட்டில் மற்றவர் பிள்ளை தங்கி, சாப்பிட்டு, மொழி பழகியது.

நம் ஊரும் இப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறது. 1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டுக்காரர்கள் பாடப் பாட ஒலிநாடாவில் பதிவுசெய்தார். இரவிரவாக நடக்கும் அந்தப் பாட்டைப் பின்தொடர எவ்வளவு தமிழ் வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அயல்மொழி எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அவர் நம் கதையைக் கேட்கக் கற்றார். நாமும் பிறர் கதையைக் கேட்கக் கற்கலாம், நம் கதையை நாமே போய்ச் சொல்லவும் கற்கலாம்.

இவ்வளவும் யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. கட்டணம் கட்டும் பள்ளிகளில் கிடைக்கிறது. லேபிள் தைக்கும் அம்மாக்களின் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளில் அனேகமாக இல்லை. இருமொழிக் கொள்கையைக் கொஞ்சமும் தொடாமல் இதைச் செய்ய முடியும் என்பது என் உறுதியான எண்ணம். மூன்றாவது பாடமாக, தேர்வாக வைக்க வேண்டாம். விருப்பமுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தபின் மன்றம் போல, மார்க் இல்லாமல் நடக்கட்டும். உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் திரையும் இணையமும் இருக்கின்றன. 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா பள்ளி அளவிலிருந்து மாநில அளவு வரை பிள்ளைகளை மேடையேற்றுகிறது. அதன் ஓரத்தில் பிறமொழியில் நம் ஊரைச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றுக்கு இடம் இருக்கும். வேண்டியது தமிழ் வழியே கற்பிக்கத் தெரிந்த ஆசிரியரும் தமிழில் எழுதிய புத்தகமும். திருப்பூரிலும் கரூரிலும் வாங்குநரோடு இருபது வருடம் பேசிப் பேசி மொழி கற்ற மெர்ச்சண்டைசர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் தரச் சொல்லி அவர்களைப் பள்ளிகள் கேட்கலாம்.

இன்னொன்று. திருப்பூர் அரசுப் பள்ளி வகுப்புகளில் இன்று ஒடியாவும் வங்காளமும் போஜ்புரியும் வீட்டில் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாலு மாதத்தில் அவர்கள் 'ஏனுங்க' என்று பேசத் தொடங்குகிறார்கள். எந்தப் புத்தகமும் இல்லாமல், விளையாட்டு மைதானத்தில். மொழி கற்கும் வழியை அவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். நம் பிள்ளை அவர்களிடம் பத்து ஒடியாச் சொல் கற்றால் அதுவும் மொழிவகுப்புத்தான்.

போன மாதம் ஜெர்மன் வகுப்பில் வீட்டைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஒரு பெண் 'ஒறம்பரை' என்பதற்கு, அதாவது விருந்துக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு, சொல் கேட்டாள். 'பெஸூக்' என்றேன். வருகையையும் குறிக்கும், வந்திருப்பவர்களையும் மொத்தமாகக் குறிக்கும். 'விர் ஹாபன் பெஸூக்' என்றால் ஏறக்குறைய 'ஒறம்பரை வந்திருக்காங்க' என்பதுதான். எழுதிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல சொந்தக்காரங்கன்னு வருதுங்களா சார்? கோழி அடிக்கோணும்னு வருதுங்களா?" என்றாள். வராது என்றேன். அப்படியானால் அடியில் இன்னும் இரண்டு வரி சேர்க்கிறேன் என்று சொல்லி, கோழிக்கும் மாமாவுக்கும் ஜெர்மன் கேட்டு எழுதத் தொடங்கினாள்.